நீலம் ஊறிய உறை

அத்தியாயம் 5

மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளால் இசைத்தட்டு உறைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்று அடித்தால் எல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் திரும்பின. காற்று நின்றால் ஒன்றாகத் தலை குனிந்தன.

“அக்கா, எல்லா வீட்லயும் சட்டை, பேன்ட் காயும். இங்க பாட்டு காயுது,” என்றான் ஜெராக்ஸ்.

“பாட்டு இல்ல. பாட்டோட உறை. பாட்டு கீழ காயுது,” என்றார் துல்லியம், திரும்பிப் பார்க்காமல்.

இப்படித் திருத்துவதால்தான் அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர். காப்பீட்டுக் கம்பெனியில் வெள்ளம் புகுந்த கிடங்குகளையும் தீப்பிடித்த கடைகளையும் பார்வையிட்டு, சேதம் இவ்வளவு என்று எழுதிக்கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். ஜெராக்ஸ், ஜெராக்ஸ் கடை நடத்தி நொடித்தவன். கடை போயிற்று, பெயர் மட்டும் நாற்பது வயதை நெருங்கும்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் பையைத் தூக்குவதும் இடையிடையே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதும் இப்போது அவன் வேலை.

அவர்களைக் கூப்பிட்டிருப்பவர் ஒரு பல் டாக்டர். கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தெருவைவிடத் தாழ்ந்த ஓர் அறையில், டாக்டரின் மனைவி ஆயுள் முழுக்கச் சேர்த்த இசைத்தட்டுகள் இருந்தன. அந்த அம்மா இறந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன வாரம் வீட்டார் வெளியூர் போயிருந்த சமயத்தில் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க்குழாய் வெடித்து, அலமாரியின் அடித்தட்டு தண்ணீரில் நின்றுவிட்டது. நனைந்ததையெல்லாம் அள்ளி மேலே கொண்டுவந்து பார்த்தபோது ஒரே ஒரு தட்டை மட்டும் காணவில்லை.

காணாமல் போனது எது என்பதுதான் விஷயம். டாக்டரின் மனைவி கல்யாணத்துக்கு முன்பு ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் பாடிக் காட்டியிருந்தார். கம்பெனி சோதனைக்கு ஒரு தட்டு அடித்துப் பார்த்துவிட்டு, குரல் சரிவராது என்று அதை அவரிடமே கொடுத்து அனுப்பிவிட்டது. கடைக்கே வராத தட்டு. நடுவில் அச்சடித்த லேபிள் கிடையாது, கையால் எழுதிய வெள்ளைக் காகித வட்டம் மட்டும். அந்த அம்மாவே நீலக் காகிதத்தில் ஓர் உறை ஒட்டி அதில் போட்டு வைத்திருந்தார். அவருடைய குரல் உலகத்தில் வேறெங்கும் பதிவாகவில்லை.

டாக்டர் சந்தேகப்படுவது கூடப் பிறந்த தம்பியை. தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பழைய தட்டுகளை வாங்கி விற்பார். இருப்பது அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில். தம்பி அதை எப்போதோ விற்றுத் தின்றுவிட்டு, இப்போது தண்ணீரின் தலையில் பழியைப் போடுகிறான் என்பது டாக்டரின் கட்சி. இன்று சாயங்காலத்துக்குள் துல்லியம் பதில் சொல்லியாக வேண்டும். தம்பி இந்த வீட்டில் இருப்பதா, பெட்டியோடு வெளியேறுவதா என்பது அந்தப் பதிலில் இருந்தது.

“இதையெல்லாம் இறக்கித் தரையில வரிசையா வைக்கலாமா?” என்று துல்லியம் டாக்டரின் மகளைக் கேட்டார். மகளும் பல் டாக்டர்தான். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரி அவள் பொறுப்பில் இருந்தது.

“எந்த வரிசையில, மேடம்? பழைய வரிசை யாருக்கும் ஞாபகம் இல்லையே.”

“தண்ணிக்கு ஞாபகம் இருக்கும்.”

அலமாரிப் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை வந்த அன்றே அவர் பார்த்து வைத்திருந்தார். பலகை சாய்ந்திருந்தால், ஒவ்வோர் உறையிலும் தண்ணீர் விட்டுப்போன பழுப்புக் கோடு பக்கத்து உறையைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். மூவரும் மண்டியிட்டு, கோடு தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை உறைகளை அடுக்கிக்கொண்டே போனார்கள்.

“ஸ்கூல்ல டிரில் மாஸ்டர் உயரவாரியா நிக்க வைப்பார். அது மாதிரி இருக்கு,” என்றான் ஜெராக்ஸ். “நான் எப்பவும் முதல் ஆள்.”

“குள்ளமா?” என்று கேட்டாள் மகள்.

“தலைமை தாங்கினேன்னு வச்சுக்குங்க.”

பாதி வரிசை முடிந்தபோது துல்லியத்தின் கை நின்றது. ஓர் உறையின் முதுகில் நீலச் சாயம் ஏறியிருந்தது. அதற்கு அடுத்ததை எடுத்துப் பார்த்தார். அதன் முகத்திலும் அதே நீலம்.

“ரெண்டுக்கும் நடுவுல நீல உறை இருந்திருக்கு,” என்றான் ஜெராக்ஸ். “நனைஞ்சதும் ரெண்டு பக்கமும் சாயம் விட்டிருக்கு.”

“சரி. சாயம் என்ன வடிவத்துல இருக்கு?”

அவன் கழுத்தைச் சாய்த்தான். “பாதி நிலா மாதிரி. வட்டத்தோட கீழ்ப்பாதி.”

“உறை சதுரம். காலி உறையா இருந்திருந்தா சாயம் திட்டுத் திட்டா ஒட்டியிருக்கும். உள்ள தட்டு இருந்து அழுத்தினாத்தான் இப்படி வட்டமா விழும்.”

மகள் எழுந்தே நின்றுவிட்டாள். “அப்போ தண்ணி வந்தப்ப தட்டு உள்ளதான் இருந்திருக்கு. சித்தப்பா முன்னாடியே விக்கல.”

“முன்னாடி விக்கல. அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியுது,” என்றார் துல்லியம்.

மகள் முகத்தில் வந்த வெளிச்சம் பாதியில் நின்றது. ஜெராக்ஸுக்குத் தன் முதலாளியம்மா மேல் கோபம் வரும் தருணங்களில் இதுவும் ஒன்று. ஒரு நல்ல வார்த்தையை முழுசாகச் சொன்னால் குறைந்தா போய்விடும்?

கீழே கூடத்துக்கு வந்தபோது டாக்டர் வேலையில் இருந்தார். வெள்ளைக் கோட்டு, ரப்பர் கையுறை, மூக்கை மூடிய முகக்கவசம். வாய்க்குள் வெளிச்சம் அடிக்கும் விளக்கை மேஜைமேல் வளைத்துவிட்டிருந்தார். இடது பக்கம் துடைக்காத தட்டுகள், நடுவில் பஞ்சும் கிண்ணமும் ஒரு ஸ்பிரிட் பாட்டிலும், வலது பக்கம் சமையலறைப் பாத்திரம் கவிழ்க்கும் நீளமான கம்பி ஸ்டாண்ட். துடைத்த தட்டுகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாக நின்றன. கூடத்து மூலையில் புதிதாகப் பழுது பார்த்த ரெக்கார்டு பிளேயர் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

“அதைத் தொடாதீங்க, அது சுத்தம் பண்ணது,” என்றார் டாக்டர். “அழுக்குத் தண்ணியில ஊறினது, பூஞ்சை பிடிக்கும். வாயில போட்டுட்டு எடுத்த கருவி மாதிரிதான். முதல்ல கிருமியைக் கொல்லணும். பாட்டெல்லாம் அப்புறம்.”

“டாக்டர் சார், எங்கம்மாவும் சுத்தப் பைத்தியம், உங்ககிட்ட வந்தா நிம்மதியா இருப்பாங்க,” என்றபடி ஜெராக்ஸ் துடைக்காத அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். ஓரம் உடைந்த தட்டு. விரலைக் கிழித்துவிட்டது.

டாக்டருக்கு ரத்தம் தெரிந்ததோ இல்லையோ, அவன் “ஸ்ஸ்” என்றது கேட்டுவிட்டது. பஞ்சைப் பாட்டிலில் நனைத்து நீட்டினார். “எரியும். பல்லைக் கடிச்சுக்குங்க.”

ஜெராக்ஸ் பல்லைக் கடித்தான், கண்ணையும் இறுக்கி மூடினான். பஞ்சு விரலில் பட்டது. சில்லென்று இருந்தது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

“சார், எரியவே இல்லையே. உங்க கை ராசியா?”

“அப்படித்தான் ஊர்ல பேர்,” என்றார் டாக்டர், உண்மையான பெருமையோடு.

துல்லியம் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். மூடி வைத்தார். பிறகு கம்பி ஸ்டாண்டுக்கு முன்னால் போய்க் குனிந்தார். “எந்தத் தட்டை முதல்ல துடைச்சீங்க, டாக்டர்?”

“இடது ஓரம். எங்க தொழில்ல கருவி அடுக்குறது இடமிருந்து வலம். நடுவுல இடம் விடக்கூடாது. விட்டா எதை எடுத்தோம், எதை வாய்க்குள்ள மறந்தோம்னு தெரியாது.”

ஜெராக்ஸும் எட்டிப் பார்த்தான். இடது ஓரத்துத் தட்டுகள் கரும்பலகையைத் துடைத்த மாதிரி சாம்பல் பூத்து, கோடுகள் மழுங்கிக் கிடந்தன. ஓர் இடத்துக்கு அப்புறம் எல்லாத் தட்டுகளும் பளபளவென்று கறுப்பாக நின்றன. சாம்பல் முடிந்து கறுப்பு ஆரம்பிக்கும் அந்த எல்லையில் ஒரு கம்பியிடுக்கு காலியாக இருந்தது.

“அக்கா, இங்க ஒரு…” என்று அவன் ஆரம்பித்தான். துல்லியத்தின் பாதம் அவன் கால் மேல் ஏறி நின்றது. அந்த அம்மா லேசான உடம்புக்காரர் இல்லை. அவன் வாக்கியத்தை முழுங்கிவிட்டான்.

“டாக்டர், தட்டைத் துடைக்கிறப்ப லேபிள் எல்லாம் இருந்துச்சா?”

“அதெல்லாம் தண்ணியிலேயே கழண்டு மிதந்துடுச்சும்மா. உறையும் தட்டும் தனித்தனியா வந்தது. அவ தட்டை மட்டும் நீல உறையோட பாத்தா கண்டுபிடிச்சிருப்பேன். வரலையே.” டாக்டர் அடுத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளங்கையில் வைத்து, வட்டம் வட்டமாக, ஓர் இடமும் விடாமல். “கிடைச்சா இன்னைக்கே கேட்டுடுவேன். மிஷின்கூட ரிப்பேர் பண்ணி வச்சுட்டேன்.”

மாடிப்படி இறங்கும்போது துல்லியம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஜெராக்ஸ், மேஜை, நாற்காலிக்குப் பாலீஷ் போடுறவன் அரக்கை எதுல கரைப்பான்?”

“ஸ்பிரிட்ல.” சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “பழைய தட்டு எல்லாம் அரக்கா?”

“அரக்கும் கல்லுப்பொடியும். பிளாஸ்டிக் தட்டு பிற்பாடு வந்தது. அரக்குத் தட்டை ஸ்பிரிட்ல துடைச்சா, துடைக்கத் துடைக்கப் பாட்டு பஞ்சுல வந்துடும். முதல்ல இருக்கிற சாம்பல் தட்டெல்லாம் ஸ்பிரிட்டுக்குப் போனது. அதுக்கப்புறம் யாரோ பாட்டில்ல இருந்ததைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தியிருக்காங்க. அதே நேரத்துல ஸ்டாண்டுல கடைசியா இருந்த தட்டு காணாமப் போயிருக்கு.”

“எந்தத் திருடன்க்கா தண்ணி ஊத்தி வச்சு மிச்சத்தைக் காப்பாத்திட்டுப் போவான்?”

“அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டேன். வா.”

கார் ஷெட்டில் கார் இருந்து பல காலம் ஆகியிருக்க வேண்டும். ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவர் முழுக்கத் தட்டுகள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபதுக்குக் கிட்ட வயது, ஒல்லியான ஆள். முகம் அண்ணன் முகத்தையே மாவு குறைத்துப் பிசைந்தது போல இருந்தது.

“உக்காருங்க. கட்டில் ஒரு பக்கம் ஆடும், இந்தப் பக்கம் உக்காருங்க,” என்றார்.

துல்லியம் உட்காரவில்லை. “ஸ்பிரிட்டைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தினது நீங்க.”

அவர் சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. “தினமும் மாத்துறேன். ஆஸ்பத்திரியில இருந்து புது பாட்டில் கொண்டுவரச் சொல்வார். நான்தான் கொண்டு போய்க் கொடுக்கிறேன்.”

“தட்டு?”

அவர் சட்டையைக் கட்டிலில் வைத்தார். பிறகு பையின் அடியில் கையை விட்டு, துவாலையில் சுற்றியிருந்ததை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தார். சாம்பல் பூத்த ஒரு தட்டு. அதோடு ஊறிக் கிழிந்த நீலக் காகிதம். நடுவில், லேபிள் இருந்த இடத்துக்கு ஓரமாக, ஊசியால் கீறிய ஓர் எண் மட்டும் தெரிந்தது.

“நான் குழாய் ரிப்பேர்க்காரனைக் கூட்டிவரப் போயிருந்தேங்க. வந்து பாத்தா கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். இதைத் துடைச்சு முடிச்சு விளக்குல காட்டி, ‘பாத்தியாடா, பளிச்சுன்னு இருக்கு’ன்னார். அவருக்குப் புரைக் கண்ணு, பளிச்சுன்னுதான் தெரியும். எனக்கு அண்ணி தட்டோட நம்பர் தெரிஞ்சது.”

“போட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டான் ஜெராக்ஸ். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே பட்டது.

“பாத்தேன். மழை பெய்யுற சத்தம் மாதிரி வருது. ஆரம்பத்துல ஒரே ஒரு இடத்துல, பாடுறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பாங்க இல்லையா, அது மட்டும் கேக்குது. அண்ணிதான் அது. அப்புறம் மழைதான்.”

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழிந்தது.

“அண்ணி எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாங்க தெரியுமா? ஒரு தடவை உக்காந்து கேளுங்கன்னு. இவருக்கு எப்பவும் யாராவது வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ‘இதோ வரேன், இதோ வரேன்’னே காலம் போச்சு. இப்பத்தான் கேக்கணும்னு மிஷினை ரிப்பேர் பண்ணார்.” தட்டை மறுபடி துவாலையில் சுற்றினார். “இதை அவர் கையாலேயே அழிச்சார்னு தெரிஞ்சா, அந்தக் கையை வச்சுக்கிட்டு அப்புறம் எப்படிங்க சாப்பிடுவார்?”

“சொல்லாட்டி உங்களைத் திருடன்னு சொல்லி வெளிய அனுப்புவார்,” என்றார் துல்லியம்.

“அனுப்பட்டும். என்னைப் பத்தி அவர் புதுசாக் கெட்டதா நினைக்க என்ன மிச்சம் இருக்கு?”

“நான் பொய் சொல்லமாட்டேன்.” துல்லியம் இதைச் சொன்னபோது ஜெராக்ஸ் அவர் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ பேருக்குக் கடை எரிந்த கதையை இதே குரலில் எழுதிக்கொடுத்த அம்மா. இன்று அந்தக் குரல் ஓர் இடத்தில் தடுக்கியது.

“நீங்க எதுவும் சொல்லவேண்டாம்மா. சும்மா நில்லுங்க, போதும். நான் சொல்லிக்கிறேன்.”

கூடத்தில் அவர் சொன்னார். அண்ணனுக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி. “நான்தாண்ணே எடுத்தேன். தண்ணி வடிஞ்சதும் எடுத்து வித்துட்டேன்.”

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் துல்லியத்தைப் பார்த்தாள். துல்லியம் ஜன்னலைப் பார்த்தார். ஜெராக்ஸ் வாயைத் திறந்தான். இந்தத் தடவை அவன் காலை யாரும் மிதிக்கவில்லை. அவனாகவே வாயை மூடிக்கொண்டான். பேசினால் ஒருவரைக் காப்பாற்றலாம், பேசாவிட்டால் இன்னொருவரைக் காப்பாற்றலாம். யாரை என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

டாக்டர் மெதுவாக முகக்கவசத்தைக் கழற்றினார். கத்துவார், கையில் இருப்பதைத் தூக்கி எறிவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“வித்தப்ப முழுசா இருந்துச்சா?” என்று கேட்டார்.

தம்பி தலையை நிமிர்த்தினார்.

“உன்னைத்தாண்டா கேக்குறேன். தண்ணியில கெட்டுப் போகலையே? பாடுதா?”

“பாடுது,” என்றார் தம்பி. “நல்லாப் பாடுது.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையுறைகளையும் உருவி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் அப்போது வந்ததை ஜெராக்ஸ் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அது கோபம் இல்லை.

“எங்கேயோ இருக்கா,” என்றார். “நான்கூட நொறுங்கிப் போச்சோ, சேத்துல போச்சோன்னு… எங்கேயோ எவன் வீட்லயோ இருக்கா. யாருக்கு வித்தே?”

“தெரியாதுண்ணே. பேர் கேக்கல. தெருவோட போன வியாபாரி.”

“நீ போ. என் கண்ணுல படாதே.” அதை அவர் ஏறக்குறைய அவசரமாகச் சொன்னார், இடைஞ்சலை விலக்குவது போல. உடனே துல்லியத்தின் பக்கம் திரும்பினார். “அம்மா, திருடனைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அது முடிஞ்சது. இப்ப வாங்கினவனைக் கண்டுபிடிங்க. எவ்வளவு நாள் ஆனாலும் சரி. அதுவரைக்கும் நான் கண் ஆபரேஷன்கூட வச்சுக்கமாட்டேன். காது நல்லாத்தான் இருக்கு, அது போதும்.”

ஜெராக்ஸ் துல்லியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முடியாது என்று சொல்வார். இல்லாத பொருளைத் தேடமாட்டேன் என்று ஒரு வரியில், தேதியோடு எழுதிக்கொடுப்பது போலச் சொல்வார்.

“தேடுறோம், டாக்டர்,” என்றார் துல்லியம்.

படியிறங்கும் இடத்தில் மகள் பின்னால் வந்தாள். துல்லியம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இனிமே மேல போற ஸ்பிரிட் பாட்டில்ல தண்ணியை ஊத்தி அனுப்புங்க. பழைய தட்டுக்கு ஸ்பிரிட் ஆகாது. அப்பாகிட்ட காரணம் சொல்லாதீங்க.”

மகள் கைப்பிடிச் சுவரில் ஒரு கையை வைத்து நின்றாள். பல் டாக்டர், புத்திசாலிப் பெண். கம்பி ஸ்டாண்டும் சாம்பல் தட்டுகளும் அவள் கண்ணில் ஓடுவது ஜெராக்ஸுக்குத் தெரிந்தது. அவள் மேலே திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். கீழே ஷெட்டைப் பார்த்தாள். எதையோ கேட்க வந்து, கேட்காமல், வேறொன்றைச் சொன்னாள்.

“அப்பா பசிக்குதுன்னு சொல்றார், மேடம். தண்ணி புகுந்ததுல இருந்து வாயைத் திறந்து கேட்டது இப்பத்தான்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துல்லியம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜெராக்ஸுக்கு இடம் இல்லை. அவன் கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டார் தம்பி.

“வாங்கினவனைத் தேடச் சொல்றார்.”

“நீங்க?”

“தேடுறேன்னு சொல்லிட்டேன்.”

தம்பி பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார். அவர்கள் தேடவேண்டிய பொருள் துல்லியத்தின் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா தள்ளியும் உட்காரவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“கிடைக்கலைன்னு சொல்லிடாதீங்க,” என்றார் தம்பி. “அடிக்கடி ஏதாவது சொல்லிட்டு இருங்க. அந்த ஊர்ல பாத்தோம், இந்த ஊர்ல கேட்டோம்னு.”

“எவ்வளவு நாளைக்கு?” என்று கேட்டான் ஜெராக்ஸ்.

தம்பி யோசித்துப் பார்த்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்து, தட்டு எதிலும் இடித்துவிடாமல் பக்கவாட்டில் திரும்பி ஏறினார். கண்டக்டர் அவரிடம் எங்கே போகவேண்டும் என்று கேட்பது கேட்டது. அவர் கதவுக் கம்பியைப் பிடித்தபடி, அந்த பஸ் எங்கே போகிறது என்று திருப்பிக் கேட்டார்.